குளிரூட்டி நின்றுபோனால் இல்லத்தார் செய்யத்தக்கவை

குளிர் குடிகொண்ட லிந்துலையில் இருந்துகொண்டு குளிரூட்டியைப் பற்றி எழுதப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதையை நினைவூட்டும். கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில், தை மாசி விடியல்களிற் சில வேளை தேயிலைக் கொழுந்தே பனியிற் கருகும் இப்பகுதியில், இல்லத்தார்க்கு வேண்டிய பொருள் கம்பளியேயாகும். ஆயினும் இவ்விழா மலரைக் கையில் எடுப்போர் அனைவரும் இம்மலையில் வாழ்பவரல்லர். எம் கல்லூரியிற் கற்றுச் சென்றோர் கொழும்பிலும் வத்தளையிலும் மட்டக்களப்பிலும் சென்னையிலும் துபாயிலும் கட்டாரிலும் இல்லம் அமைத்து வாழ்கின்றனர். அவர்தம் இல்லங்களில் ஏ.சி. என வழங்கும் குளிரூட்டி, முன்னாளில் இருந்தது போலச் செல்வர்தம் ஆடம்பரமாக மட்டும் இன்று இல்லை. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் பச்சிளங் குழந்தைகட்கும் அது பல இடங்களில் இன்றியமையாத துணையாகிவிட்டது.

சென்ற ஆண்டுச் சித்திரை விடுமுறையின்போது வெள்ளவத்தையில் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் யாம் நான்கு நாள் தங்கினோம். எண்பது வயதைக் கடந்த அவர்தம் அன்னையார் நெஞ்சு நோயால் வருந்திப் படுக்கையிலிருந்தார். அவருடைய அறைக்கு மட்டும் ஒரு குளிரூட்டி பொருத்தப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் காலையில் அது குளிர்ச்சியின்றி வெறுங்காற்றை வீசத் தொடங்கிற்று. அழைத்தவுடன் வந்த ஒருவர், வாயு தீர்ந்துவிட்டது என்று கூறி, வாயு நிரப்பி, பணம் பெற்றுச் சென்றார். மூன்று வாரங்களுக்கு முன்னரும் வேறொருவர் அதே காரணத்தைக் கூறி அவ்வாறே நிரப்பிச் சென்றிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அன்றிரவு அறை மீண்டும் வெந்தது. இல்லத்தார் திகைத்து நின்றனர். இலக்கணப் பிழையை அன்றி வேறெப் பழுதையும் பார்த்தறியாத யாமும் அவருடன் திகைத்து நின்றோம். மறுநாள் வந்த இளைஞர் ஒருவர் செய்ததை இறுதியிற் கூறுவோம். அந்நாட்களிற் கண்டவற்றையும், அதன்பின் அத்தொழில் வல்லாரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் தெளிந்தவற்றையும் தொகுத்து இங்குத் தருகின்றோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவம் என்பது நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்னும் நான்கினையும் தழுவியது என வகுத்துரைக்கின்றது. பழுதுற்ற பொறிக்கும் இவ்வகுப்புப் பொருந்துவதாகும். பொறியே நோயாளி. முறையாகப் பயின்ற தொழில்வல்லுநரே மருத்துவர். உதிரிப் பாகமும் வாயுவும் மருந்து. இல்லத்தாரோ அருகிருந்து பணிபுரிவோர். பணிபுரிவோன் கத்தி எடுத்து அறுவை செய்யப் புகுந்தால் உயிர்க்கே கேடு விளையும். கைகட்டி வாளாவிருந்தாலும் நோய் முற்றும். எது தம் பணி, எது தம் பணியன்று என அறிதலே இல்லத்தார்க்கு வேண்டிய முதலறிவாகும்.

அதனை அறிவதற்குப் பொறி இயங்கும் முறையைச் சிறிதேனும் உணர்ந்திருத்தல் வேண்டும். குளிரூட்டி குளிரை உண்டாக்குகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டும் பொறியாகும். மலையிற் பறித்த கொழுந்தைக் கூடையிற் சுமந்து சென்று மடுவத்திற் கொட்டிவிட்டு, வெறுங்கூடையுடன் மீண்டும் நிரைக்குத் திரும்புவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். குளிரூட்டியினுள் ஓடும் வாயு அக்கூடையை ஒத்தது. அறையிலுள்ள உட்பெட்டியின் குழாய்ச் சுருளில் அது திரவமாக வந்து ஆவியாகின்றது. மழையில் நனைந்த உடையுடன் காற்றில் நிற்பவர், நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் நடுங்குவது போல, இவ்வாயுவும் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தைக் கவர்கின்றது. வெளிப்பெட்டியிலுள்ள அமுக்கி, அதாவது தொழிலாளர் கொம்பிரசர் என வழங்கும் பாகம், அவ்வாவியை அமுக்கி வெளிச்சுருளுக்குச் செலுத்துகின்றது. அங்கே விசிறியின் காற்றில் வெப்பத்தை இறக்கிவிட்டு அது மீண்டும் திரவமாகின்றது. பின் குறுகிய வழியொன்றினூடாக அமுக்கங் குறைந்து குளிர்ந்து உட்பெட்டிக்குத் திரும்புகின்றது. அறைக்காற்றிலுள்ள ஈரமும் குளிர்ந்த சுருளிற் படிந்து நீராகி வடிகின்றது.

முன்னாளில் இவ்வசதி இருக்கவில்லை. அமெரிக்காவின் குளங்களில் மாரியில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி, 1833ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது பிரெடரிக் தூடர் என்பாரின் வாணிகம். அப்பனிக்கட்டியைச் சேமிப்பதற்கெனச் சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ் என்பது. 1897ஆம் ஆண்டில் மேலைநாட்டுப் பயணம் முடித்துக் கொழும்பு வழியாகச் சென்னை சேர்ந்த விவேகானந்த அடிகள் தங்கிய இடமும் அதுவே. இன்று அது அவர் பெயராலேயே விளங்குகின்றது. பொறியினாற் காற்றைப் பதப்படுத்தும் முறையை 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்தார். நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தாற் கடதாசி நெளிந்து வண்ண அச்சு பிசகுவதைத் தடுப்பதே அவர் மேற்கொண்ட பணி. மனிதர் உடலுக்கு இதம் தரும் வேலை இப்பொறிக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

இவ்வளவும் அறிந்தால், குளிரூட்டி நிற்பதற்கான காரணங்களை மின், காற்று, நீர், வாயு என நான்கு வகையில் அடக்கிவிடலாம். முதல் மூன்றையும் இல்லத்தார் வெளியிலிருந்து பார்வையிடலாம். நான்காவதில் அவர்கள் கைவைத்தல் ஆகாது. ஆயினும் பொறியைப் பார்ப்பதற்கு முன் மனிதரைப் பார்த்தல் வேண்டும்.

அறையில் முதியவரோ நோயாளரோ குழந்தையோ இருப்பின், பொறி சீராகும் வரை அங்கேயே வைத்திருத்தல் தவறு. வெயில் படாததும் காற்றோட்டம் உள்ளதுமான அறைக்கு அவரை மாற்றுக. பகலில் வெயிற்பக்கச் சாளரங்களைத் திரையிட்டு மூடி, மாலை குளிர்ந்தபின் திறந்து விடுக. ஈரத்துணியால் முகம், கழுத்து, கைகால்களைத் துடைத்து விசிறியை இயக்குக. காற்றின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் வளைகுடா நாடுகளில் விசிறி உடலை மேலும் சூடாக்கும் ஆதலின், அங்கே இயங்கும் குளிரூட்டியுள்ள வேறிடத்துக்குக் கொண்டு செல்லுதலே தக்கது. நீரும் அளவோடு கொடுக்க; நெஞ்சு நோய், சிறுநீரக நோய் உடையார்க்கு மருத்துவர் விதித்த அளவை மீறலாகாது. இன்சுலின் போன்ற மருந்துகளை அறையினின்றும் எடுத்து உரிய குளிரிடத்தில் வைக்க. உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறுமாயின் அது வெப்பத் தாக்கு. ஒரு கணமும் தாழ்த்தாது இலங்கையில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சு வண்டியை வரவழைத்தல் வேண்டும். வண்டி வரும்வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்தலாகாது. யாம் தங்கிய இல்லத்தில் அன்னையாரை அன்றிரவே கடற்காற்று வரும் முன்னறைக்கு மாற்றினோம். அதனை முதல் நாட் காலையிலேயே செய்திருக்கலாம் என்பது பின்னரே எமக்கு உறைத்தது.

இனி மின்னைப் பார்ப்போம். கருகல் நாற்றமோ புகையோ தீப்பொறியோ தோன்றினால், அல்லது மின் இணைப்பின் மேல் நீர் வடிந்தால், ஆராய்ச்சி ஒன்றும் வேண்டா. குளிரூட்டிக்குரிய ஆளியைப் பிரதான பலகையில் நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க. அப்பலகை ஈரமாயிருப்பினும் நாம் ஈரத்தில் நிற்பினும் அதனையும் தொடாது மின்னியலாளரை அழைக்க. இத்தகைய அறிகுறிகள் இல்லையாயின், வீட்டில் மின்சாரம் உள்ளதா, குளிரூட்டிக்குரிய தன்னியக்க ஆளி விழுந்துள்ளதா என்று நோக்குக. விழுந்திருப்பின் ஒருமுறை மட்டும் உயர்த்திப் பார்க்கலாம். மீண்டும் விழுந்தால், எங்கோ மின் ஒழுக்கு அல்லது குறுஞ்சுற்று உண்டு என்பதற்கு அதுவே சான்று. அதனைத் திரும்பத் திரும்ப உயர்த்துவதும், விழாதபடி கட்டி வைப்பதும், பெரிய அளவு ஆளியை இட்டு ஏமாற்றுவதும் வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

மின்தடை நீங்கி மின்சாரம் மீளும் வேளையிலும் அவதானம் தேவை. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் அற்றபோது, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. இத்தகைய தடைகளின் பின் மின்சாரம் வந்தவுடனே அமுக்கியை இயக்கினால், குழாய்களில் அமுக்கம் சமப்படுவதற்கு முன் அது திணறும். மின்னழுத்தமும் அவ்வேளையில் ஏறி இறங்கும். ஆதலின் குளிரூட்டியை நிறுத்தி வைத்து, ஐந்து நிமிடமேனும் பொறுத்து, விளக்குகள் நிலையாக எரிவதைக் கண்டபின் இயக்குதல் நன்று. பல புதிய பொறிகள் தாமே மூன்று நிமிடம் அளவில் காத்திருந்து தொடங்கும். அதனைப் பழுது என்று கருதலாகாது. நம் நாட்டு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. விளக்குகள் மங்கி எரியும் வேளைகளில் அது குறைந்துள்ளது என உணர்ந்து, குளிரூட்டியை நிறுத்தி வைப்பதே அமுக்கிக்குப் பாதுகாப்பு.

மிகச் சிறிய காரணத்தையும் மறத்தலாகாது. றிமோட் எனப்படும் தொலையியக்கியில் பற்றரி தீர்ந்திருக்கலாம். அதன் நுனியைக் கைத்தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலும் கமராவில் மின்னித் தெரியும். பற்றரி மாற்றியும் மின்னாவிடின் பழுது தொலையியக்கியில் இருக்கக்கூடும். குழந்தைகள் விளையாட்டாக அழுத்தி, குளிர்ப்பிக்கும் நிலையை விசிறி நிலைக்கு மாற்றி விடுவதும் உண்டு. பனிப்பூ வடிவ அடையாளம் திரையில் உள்ளதா, குறித்த வெப்பநிலை அறையின் வெப்பநிலையிலும் குறைந்ததா என்று பார்க்க. பற்றரி மாற்றுவதற்காகத் தொழில்வல்லுநரை அழைத்துக் கூலி கொடுத்தவர் பலர்.

அடுத்தது காற்று. தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுத் தொட்டியின் அடியிலிருந்து விசிறி செலுத்தும் காற்று தடைப்பட்டால் கொழுந்து செவ்வையாக வாடுவதில்லை என்பதை இப்பகுதியார் நன்கறிவர். குளிரூட்டியும் அவ்வாறே. உட்பெட்டியின் முன்மூடியைத் திறந்தால் வலைபோன்ற வடிகட்டி தெரியும். மின்னை நிறுத்திவிட்டு அதனை மெல்லக் கழற்றி, குழாய் நீரிற் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி மாட்டுக. இரண்டு வாரத்துக்கொருமுறை இதனைச் செய்வது நன்று. தூசி அடைத்த வடிகட்டியினாற் காற்றுக் குறைந்து, சுருளின் மேற் பனிக்கட்டி படிவதும் உண்டு. அவ்வாறு கண்டால் கத்தியாலோ திருகாணியாலோ சுரண்டலாகாது. மெல்லிய குழாய் துளைபட்டால் பழுது பன்மடங்காகும். குளிர்ப்பிப்பதை நிறுத்தி, விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டுக் கட்டி தானே உருகும்வரை பொறுத்திருக்க. வடிகட்டி துப்புரவாயிருந்தும் மீண்டும் கட்டி படியுமாயின், அது வாயுக் குறைவின் அறிகுறியாகலாம். தொழில்வல்லுநர்க்கு அதனைச் சொல்க.

வெளிப்பெட்டியைச் சுற்றிச் சருகோ உலரப் போட்ட துணியோ பூச்சாடியோ தடையாயுள்ளதா என்று நோக்குக. வெப்பத்தை இறக்கி வைக்க இடமில்லையாயின் கூடை எவ்வாறு வெறுமையாகும்? வெள்ளவத்தை, தெகிவளை, நீர்கொழும்பு போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று வெளிச்சுருளின் மெல்லிய தகடுகளை அரித்துவிடும். அங்குள்ளோர் அதனை நன்னீராற் கழுவுவிக்கும் பணியை ஆண்டுப் பராமரிப்பிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயின் மாடிச் சுவரின் வெளிப்புறத்திற் பொருத்திய பெட்டியை எட்டிப் பார்ப்பதற்காகச் சாளரத்தைத் தாண்டி விளிம்பில் இறங்குதல் ஒருபோதும் கூடாது. குளிரூட்டிக்காக எவரும் உயிரைப் பணயம் வைத்தலாகாது. கூலிக்கு வரும் தொழிலாளியையும் காப்புக் கயிறின்றி அவ்வாறு இறங்கும்படி ஏவுதல் பாவமாகும்.

மூன்றாவது நீர். உட்பெட்டியிலிருந்து சுவர்வழியே நீர் வடிந்தால் பெரும்பாலும் வடிகுழாயில் பாசியோ தூசியோ பூச்சிக் கூடோ அடைத்திருக்கும். பொறியை நிறுத்திக் கீழே பாத்திரம் வைத்து, வெளியே தொங்கும் குழாயின் முனை மண்ணிலோ நீரிலோ அமிழ்ந்துள்ளதா, மடிந்துள்ளதா என்று பார்க்கலாம். அதற்கு மேற்பட்ட அடைப்பை வல்லுநரே நீக்குக. குளிரூட்டி ஓடும்போது வெளியே நீர் சொட்டுவது இயல்பு என்பதையும் நினைவிற் கொள்க. ஈரம் மிக்க கொழும்பில் ஒரு சொட்டும் வெளிவராதிருத்தலே ஐயத்துக்குரியது.

நான்காவதாகிய வாயுவே மக்கள் பெரிதும் ஏமாறும் இடமாகும். வண்டியின் பெற்றோலைப் போல இவ்வாயு எரிந்து தீர்வதில்லை. மூடிய வழியிற் சுழன்றுகொண்டேயிருப்பது அது. பொருத்திய நாளில் இட்ட வாயு பொறியின் ஆயுள் முழுவதும் போதியதாக இருத்தல் வேண்டும். குறைந்துள்ளது என்றால் எங்கோ ஒழுகியுள்ளது என்பதே பொருள். ஒழுகும் இடத்தைக் காணாது வாயுவை மட்டும் நிரப்புதல், ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். முறையானது யாதெனில், ஒழுக்கைத் தேடி அடைத்து, நைதரசன் வாயுவின் அமுக்கத்தால் அதனைச் சோதித்து, வெற்றிடப் பம்பியாற் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் நீக்கி, பெட்டியின் தகட்டிற் பொறித்துள்ள வாயுவை அங்குக் குறித்துள்ள நிறையின்படி தராசில் நிறுத்து இடுதலே. வாயு நிரப்ப வேண்டும் என்பவரை நோக்கி, ஒழுக்கு எங்கே என்று வினவும் உரிமை இல்லத்தார்க்கு உண்டு. அவ்வொரு வினாவே பல ஆயிரம் ரூபாவைக் காக்கும்.

வாயுவின் வகையும் அறியத்தக்கது. பழைய பொறிகளில் உள்ள ஆர்-22 என்பது வானில் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் இயல்பினது. 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி உலக நாடுகள் அத்தகைய வாயுக்களைக் கைவிட்டு வருகின்றன. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. வளரும் நாடுகளில் 2030ஆம் ஆண்டளவில் ஆர்-22 ஏறக்குறைய முற்றாக ஒழிதல் வேண்டும். வெப்பத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலில், ஒரு கிலோகிராம் ஆர்-22 நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,800 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமனாகும். புதிய பொறிகளில் வழங்கும் ஆர்-32 ஏறத்தாழ 675 கிலோகிராமுக்குச் சமன். ஆயின் அது மெல்லத் தீப்பற்றும் இயல்புடையது. ஆர்-290 என்பதோ நம் அடுப்பு வாயுவிலும் கலந்துள்ள புரொப்பேன், எளிதில் தீப்பற்றுவது. ஆகவே ஒன்றுக்குரிய பொறியில் மற்றொன்றை இடுதலும் கலத்தலும் பொருட்கேடு மட்டுமன்று, உயிர்க்கேடுமாகும். வெளிப்பெட்டியினுள்ளே கொள்ளளவி என்னும் பாகம் மின்னை நிறுத்திய பின்னரும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். தொலைக்காட்சியில் ஒருவர் செய்யக் கண்டோம் என்று அம்மூடியைத் திருகித் திறக்கப் புகுவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் பார்த்தும் பொறி சீராகாவிடின் தொழில்வல்லுநரை அழைக்க. அதற்குமுன் உத்தரவாதச் சீட்டைத் தேடிப் பார்க்க; காலம் முடியாதிருப்பின் விற்ற நிறுவனத்தையே அழைத்தல் வேண்டும், பிறர் கைபட்டால் அவ்வுரிமை இழக்கப்படலாம். பொறியின் பெயர், மாதிரி இலக்கம், வாங்கிய ஆண்டு, இறுதியாகப் பழுதுபார்த்த நாள், திரையிற் தோன்றும் குறி அல்லது விளக்கு எத்தனை முறை சிமிட்டுகின்றது என்பன யாவற்றையும் ஒரு தாளிற் குறித்து வைக்க. வருபவரிடம் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. உண்டோ எனக் கேட்பது அவமதிப்பாகாது. வேலை தொடங்குமுன் செலவைக் கேட்டறிக. மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுக. செய்த வேலையையும் இட்ட வாயுவின் வகையையும் நிறையையும் குறித்த பற்றுச்சீட்டைப் பெறுக. வேலை முடிந்தபின் கால்மணி நேரம் ஓடவிட்டு, பொறி உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் இடையே 8 முதல் 12 பாகை அளவு வேறுபாடு உண்டா என்று அளந்து காட்டும்படி கேட்டால், நன்கு பயின்றவர் மகிழ்ந்து காட்டுவார்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்னும் ஐயம் பலர்க்கும் எழும். பத்து ஆண்டுகளைக் கடந்து, ஆர்-22 வாயுவில் ஓடி, அமுக்கியே கெட்டுப்போன பொறிக்குப் பெரும்பணம் செலவிடுதல் பெரும்பாலும் வீண். கொள்ளளவி, விசிறி மோட்டார், இணைப்புக் குழாய் என்பன மட்டும் கெட்டிருப்பின் சீர்செய்தலே சிக்கனம். புதிது வாங்குவோர் அறையின் அளவுக்குத் தக்கதையும் மின்சாரத்தைக் குறைவாக உண்பதையும் தெரிவு செய்க. இந்தியாவில் 2020 சனவரி முதல், நட்சத்திரத் தரமிட்ட அறைக் குளிரூட்டிகள் யாவும் தொடக்கத்தில் 24 பாகையில் இயங்குமாறு அமைத்தல் வேண்டும் என விதித்துள்ளனர். 18 பாகையில் வைத்துவிட்டுப் போர்வை போர்த்துத் துயில்வோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. அவ்வளவு குளிர் வேண்டுவோர் லிந்துலைக்கே வந்து எம்முடன் சில நாள் தங்கிச் செல்லலாம், கட்டணம் இல்லை.

நகைச்சுவை நிற்க. எம் மலைகளிற் பெய்யும் மழை தலவாக்கலையில் அணையிட்டுத் தேக்கப்பெற்று, 2012ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட 150 மெகாவாற்று மேல் கொத்மலை மின்நிலையத்தை இயக்குகின்றது. கொழும்பில் ஓர் அறை குளிர்வதில் இவ்வாற்று நீருக்கும் பங்குண்டு. வடிகட்டி அடைத்த பொறி அதே குளிர்ச்சிக்கு மிகுந்த மின்சாரத்தை விழுங்கும். ஆதலின் பதினைந்து நாளுக்கொருமுறை வடிகட்டியைக் கழுவுவது பணத்தைக் காப்பதோடு நாட்டின் நீரையும் காப்பதாகும்.

இனி, வெள்ளவத்தை இல்லத்துக்கு மூன்றாம் நாள் வந்த இளைஞரைப் பற்றிக் கூறுவோம். அவர் வந்தவுடன் கருவிப் பையைத் திறக்கவில்லை. எப்போது தொடங்கிற்று, முன்னர் யார் பார்த்தார், என்ன செய்தார் என்று இல்லத்தாரை அமைதியாக வினவினார். பின் வெளிப்பெட்டியின் இணைப்புகளை ஒவ்வொன்றாக நோக்கி, ஒரு மூட்டின் அடியில் எண்ணெய்க் கறை படிந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். வாயுவுடன் கலந்து ஓடும் எண்ணெயே ஒழுகும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் என்றார். குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பொருத்தி, சோதித்து, வெற்றிடமாக்கி, வாயுவை நிறுத்து இட்டார். மாலையில் அன்னையார் தம் அறைக்கு மீண்டார். ஓராண்டு கடந்தும் அப்பொறி மீண்டும் வாயு கேட்கவில்லை என்று அறிகின்றோம்.

பணம் பெற்றுக்கொண்டு புறப்படும்போது அவ்விளைஞர் எம்மை நோக்கி, "சேர், என்னைத் தெரியவில்லையா?" என்றார். எமக்குத் தெரியவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எம் கல்லூரிக்கு வந்து, எம்மிடமே தமிழ் கற்று, சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தாது நின்றவர் அவர். இரண்டாந் தரமும் எழுதிவிட்டு, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துகொண்டே தொழிற்பயிற்சி பெற்றுச் சான்றிதழும் எடுத்தாராம். அவர் வகுப்பில் வராதொழிந்த அந்நாளில், இப்பிள்ளை எங்கே சென்றான் என்று யாம் வினவவில்லை. பெயரை இடாப்பில் வெட்டியதோடு எம் கடமை முடிந்தது என்றிருந்தோம். நோயையும் அதன் காரணத்தையும் தேடி அறிந்து செய்க என்னும் வள்ளுவர் கருத்தை யாம் அவர்க்கு வகுப்பிற் சொல்லியிருப்போம். அதனைச் செய்கையிற் காட்டியவர் அவரே.

பரீட்சை முடிவுகளைக் கொண்டே பிள்ளைகளை அளக்கும் எம் போன்ற ஆசிரியர்க்கு இது படிப்பினை. கையாற் செய்யும் தொழிலை இழிவென எண்ணும் மாணவர்க்கும் இது படிப்பினை. நகரங்களில் நிறுவனங்களை நடத்தும் பழைய மாணவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம்: பயிற்சிக்கு இடமும், தங்குவதற்கு ஓர் அறையும் கொடுத்து, இம்மலையிலிருந்து வரும் பிள்ளை ஒருவரையேனும் ஆண்டுதோறும் சான்றிதழ் பெறும்வரை தாங்குவீராக. அடுத்த முறை உங்கள் இல்லத்துக் குளிரூட்டி நின்றுபோகும்போது, கதவைத் தட்டுபவரிடம் ஒழுக்கு எங்கே என்று கேளுங்கள். அவர் எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதையும் கேளுங்கள்.